பேட்டரியை இன்னொரு முறை மாற்றாதீர்கள்: மோட்டார்ஹோமில் மழைநீரும் மின்கோளாறும்

பேட்டரியை இன்னொரு முறை மாற்றாதீர்கள். அதற்குக் கொடுக்கும் காசில் சுமாரான ஒரு மல்டிமீட்டரும் மரத்தின் ஈரம் பார்க்கும் மீட்டரும் வாங்கிவிடலாம், மிச்சமும் இருக்கும்.

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். 2009 மாடல் கோச்பில்ட் மோட்டார்ஹோம். அதாவது வேனின் அடிச்சட்டத்தின் மேல் மரச்சட்டம், தெர்மாகோல், அலுமினியத் தகடு வைத்துக் கட்டிய வீடு. இங்கிலாந்தில் ஒரு டீலரிடம் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. அக்டோபர் விடுமுறையில் வேல்ஸ் போனீர்கள். இரண்டு நாள் விடாத மழை. முதல் ராத்திரியே முகாம் சைட்டில் கரண்ட் கேபிளைச் செருகியதும் ஆர்சிடி, அதாவது மின்கசிவு கண்டால் கரண்டை வெட்டும் சுவிட்ச், விழுந்தது. திரும்ப ஏற்றினால் நிற்கவில்லை, அப்படியே விட்டுவிட்டீர்கள். மறுநாள் விளக்கு மங்கல், தண்ணீர் பம்பு முக்கி முக்கி ஓடியது. மூன்றாம் நாள் லெஷர் பேட்டரி (எஞ்சினுக்கு அல்லாமல் வீட்டுப் பகுதிக்கென்று இருக்கும் பேட்டரி) காலி. ஊர் திரும்பியதும் பட்டறையில் புது 100 ஆம்பியர்-அவர் பேட்டரி போட்டுக் கொடுத்தார்கள். இப்போது வீட்டு வாசலில், கட்டுப்பாட்டுப் பலகையில் மெயின் சுவிட்சை அணைத்து வைத்தும், நான்கு நாளில் 12.7 வோல்ட் 12.2 ஆகிவிடுகிறது. கடைசியில், போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். பின்பக்க அலமாரியின் மேல்மூலைச் சுவரை அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது. கூரையில் முந்தைய சொந்தக்காரர் மாட்டிய சோலார் பலகை இருக்கிறது.

எனக்கு அந்தக் கடைசி இரண்டு விஷயம்தான் முதலில் கண்ணில் பட்டது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒன்று. டீலரிடம் வாங்கி ஆறு மாதம் முடியவில்லை. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, வாங்கிய அன்றே இருந்தது என்றுதான் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. ஆனால் சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். நீங்களே சுவரைப் பிரித்துவிட்டால் அந்த வாதம் பலவீனப்பட்டுப் போகும். ஆகவே முதலில் படம் எடுங்கள், அளவுகளைத் தேதியோடு குறியுங்கள், எழுத்தில் தெரிவியுங்கள். நான் கீழே சொல்லப்போகும் சோதனைகளில் ஒன்றுக்கும் சுவரை உடைக்க வேண்டியதில்லை. அந்தப் புது பேட்டரி பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

இனிக் கணக்கு. ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரியில் 12.7 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஓட்டமும் சார்ஜும் நின்று சில மணி நேரம் கழித்து எடுத்த அளவுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். 100 ஆம்பியர்-அவரில் பாதி 50. நான்கு நாள் என்பது 96 மணி. ஆக ஏதோ ஒன்று அரை ஆம்பியரை இரவும் பகலும் குடித்துக்கொண்டிருக்கிறது. கேஸ் அலாரம், கட்டுப்பாட்டுப் பலகை, ரேடியோவின் கடிகாரம் எல்லாம் சேர்ந்து 50 முதல் 100 மில்லிஆம்பியர் வரை போனால் நான் கண்டுகொள்ளமாட்டேன். அரை ஆம்பியர் அப்படியில்லை.

குளிர்பெட்டியின் 12 வோல்ட் ஹீட்டர் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு விட்டதோ என்று ஒருவர் உங்களிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நல்ல சந்தேகம்தான், ஆனால் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. அந்த ஹீட்டர் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலே ஒட்டியிருந்தால் நான்கு நாள் தாங்காது, ஐந்து மணி நேரத்தில் பாதி பேட்டரி போயிருக்கும்.

வேல்ஸில் பேட்டரி இன்னும் சீக்கிரம் காலியானதற்குக் காரணம் தனி. ஆர்சிடி விழுந்ததால் 230 வோல்ட் உள்ளே வரவில்லை. வராததால் சார்ஜர் ஓடவில்லை. அக்டோபர் மழையில் சோலாரும் ஒன்றும் தந்திருக்காது. விளக்கும் பம்பும் ஹீட்டர் விசிறியும் பேட்டரியைக் கறந்தன, ஊட்ட யாருமில்லை. பட்டறைக்காரர் கண்ணுக்குத் தெரிந்தது செத்த பேட்டரி மட்டும். அவரைக் குறை சொல்வதற்கில்லை, மழை நின்ற பிறகுதானே வண்டி அவரிடம் போனது.

போன குளிர்காலத்தில் என்னிடம் வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன், உங்களுடையதை அப்படியே உரித்து வைத்தது போல. கூரையில் சோலார் பலகை. அதன் கேபிள் உள்ளே இறங்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைச் சுற்றி சிலிக்கான் மூன்று அடுக்கு, மூன்று நிறத்தில்; ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு அடுக்கு என்று நினைக்கிறேன். கேபிள் அலமாரிக்குள் நேர்செங்குத்தாக இறங்கி, வளைவே இல்லாமல், பலகையின் மின்சாரத்தைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்பும் சோலார் கன்ட்ரோலரின் தலையில் போய் நுழைந்தது. கேபிள் ஓரமாக விரலை வைத்தேன், ஈரம். உறையை ஒரு அங்குலம் சீவிப் பார்த்தால் செம்பு இழைகள் கறுத்து, அதன் மேல் பச்சைக் களிம்பு. தண்ணீர் கேபிளின் வெளியே மட்டும் வரவில்லை. திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, உறைக்குள்ளே இழைகளுக்கு நடுவிலும் ஊர்ந்து வந்திருந்தது. கன்ட்ரோலரின் பாசிட்டிவ் திருகைத் தொட்டதும் வயர் கையோடு வந்துவிட்டது. அதற்குக் கீழே கட்டுப்பாட்டுப் பெட்டியின் பிளக்கை இழுத்தேன். ஒரு பின் பிளக்குக்குள்ளேயே தங்கிவிட்டது, பாதி கரைந்து. அலமாரிக்குப் பின்னால் சட்டத்தில் ஸ்குருடிரைவர், டீயில் நனைத்த ரஸ்க்கில் இறங்குவது போல இறங்கியது. அந்த வண்டிக்காரர் இரண்டு பேட்டரியும் ஒரு சார்ஜரும் மாற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

செம்பு முனைகளுக்கு நடுவே ஈரமும் இருந்து மின்னழுத்தமும் இருந்தால் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரையத் தொடங்கும். அதனால்தான் களிம்பு எப்போதும் ஒரு பக்கம் அதிகமாக இருக்கும். ஈரத்தின் வழியே நேராகப் பாயும் மின்சாரம் கொஞ்சம்தான். ஆனால் அந்த ஈரம் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு ரிலேயை இழுத்துப் பிடித்துவிட்டால், அதன் பின்னால் இருக்கும் சாதனம் முழுவதும் விழித்துக்கொள்ளும். அரை ஆம்பியர் அப்படித்தான் வரும்.

உங்கள் வண்டியில் செய்ய வேண்டியது இது. கரண்ட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். சோலார் பலகையின் வயரைக் கன்ட்ரோலரில் இருந்து முதலில் கழற்றுங்கள், பேட்டரி பக்கத்தில் கை வைப்பது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றினால் சில கன்ட்ரோலர்கள் கெட்டுப்போகும். பலகையைக் கழற்றாமல் அளந்தால் பகலில் அது கொடுப்பதும் கோளாறு குடிப்பதும் கலந்து, அர்த்தமில்லாத எண் வரும். இப்போது லெஷர் பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் வயரை மாற்றி, கிளாம்புக்கும் பேட்டரிக்கும் நடுவில் வையுங்கள். பம்பையோ இன்வெர்ட்டரையோ அப்போது போட்டுவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். அரை ஆம்பியர் தெரிகிறதா? ஒருவர் மீட்டரைப் பார்க்க, இன்னொருவர் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பார்த்துவிட்டுத் திரும்பச் செருகட்டும். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்த வழியில்தான் குடிகாரன் இருக்கிறான்.

எந்த ஃப்யூஸைப் பிடுங்கியும் எண் விழவில்லை என்றால் மனம் தளரவேண்டாம், அதுவே ஒரு விடை. மெயின் சுவிட்சும் ஃப்யூஸ் பெட்டியும் எல்லாவற்றையும் ஆள்வதில்லை. சோலார் கன்ட்ரோலர், திருட்டு அலாரம், முந்தைய சொந்தக்காரர் தன் கையால் மாட்டிய எதுவானாலும் நேரே பேட்டரியில் போய்க் கட்டியிருப்பார்கள். பேட்டரி முனையில் எத்தனை வயர் இருக்கிறது என்று எண்ணுங்கள். உங்கள் வண்டியில் சோலார் கன்ட்ரோலரின் பேட்டரி வயரைக் கழற்றியதும் எண் விழும் என்பது என் ஊகம்.

மங்கல் விளக்குக்கும் முக்கும் பம்புக்கும் வேறு சோதனை. பலரும் தவறுவது இங்கேதான். விளக்கை அணைத்துவிட்டு மீட்டரை வைத்தால் 12.5 வோல்ட் அழகாகக் காட்டும், “வயரிங் சரி” என்று மூடிவிடுவார்கள். களிம்பேறிய இணைப்பு, மின்சாரம் ஓடாதபோது குற்றமற்றது. ஓடும்போதுதான் அதன் குணம் தெரியும். பம்பு 5 ஆம்பியர் இழுக்கிறது, ஒரு இணைப்பில் 0.2 ஓம் தடை என்று வையுங்கள்: அங்கேயே ஒரு வோல்ட் காணாமல் போகும். ஆகவே குழாயைத் திறந்து பம்பை ஓடவிட்டு அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், இன்னொன்று பம்பின் நெகட்டிவில். இரண்டும் ஒரே கம்பி என்பதால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். 0.2, 0.3-க்கு மேல் வந்தால் எர்த் பக்கம் கோளாறு. அதேபோல பாசிட்டிவுக்கும் பாசிட்டிவுக்கும் வையுங்கள். அளவு எங்கே குதிக்கிறதோ அதற்கு முந்தைய இணைப்பில் களிம்பு. பின்பக்க விளக்குகளிலும் ஒரு எளிய அடையாளம் உண்டு: இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து துடித்தால் எர்த் போய்விட்டது, பல்பை மாற்றிப் புண்ணியமில்லை.

சார்ஜ் ஏறுகிறதா என்பதற்கு ஒரு நிமிடம் போதும். எஞ்சினை ஓடவிட்டு லெஷர் பேட்டரி முனையில் அளந்தால் 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் ஏற வேண்டும். ஏறாவிட்டால், எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் இணைக்கும் ஸ்பிளிட் சார்ஜ் ரிலே, அல்லது பேட்டரிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஃப்யூஸ். இது 2009 வண்டிக்கு. யூரோ 6 புகை விதி வந்த பிறகான வண்டிகளில் ஆல்டர்னேட்டர் தானாக வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும், அதற்கு பேட்டரிக்கு-பேட்டரி சார்ஜர் வேண்டும். அது வேறு கதை. ஃப்யூஸ் போயிருந்தால் அதே அளவு போடுங்கள். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு நிற்கவில்லை என்று மஞ்சள் போட்டு வந்த வண்டியில் வயர் உருகி, சோபாவின் அடிப்பலகை கரிந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆர்சிடி விழுந்ததைப் பற்றி. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே அது விழும், அதற்காகத்தான் இருக்கிறது. அதைத் தாண்டி நேர்வயர் கொடுக்க யாராவது சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். உள்ளே எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு வழிக்கும் உள்ள சின்ன பிரேக்கர்) கீழே தள்ளிவிட்டு, ஆர்சிடியை ஏற்றி, ஒவ்வொன்றாக மேலே தள்ளுங்கள். வெந்நீர் ஹீட்டரை ஏற்றியதும் விழுகிறதா, குளிர்பெட்டியிலா, சார்ஜரிலா? ஹீட்டர் கம்பிகள் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எல்லா எம்சிபியும் கீழே இருக்கும்போதும் விழுந்தால், அந்த எம்சிபிகள் ஃபேஸை மட்டும் வெட்டும் பழைய வகையாக இருக்கலாம். நியூட்ரல் எர்த்தில் பட்டிருந்தால் அவற்றால் தடுக்க முடியாது. வண்டிக்குள் ஒன்றும் விழாமல் சைட் தூணில் மட்டும் விழுந்தால், கேபிளையும், அதைச் செருகும் வெளிச்சுவர் இன்லெட்டின் மூடிக்குள்ளும் முதலில் பாருங்கள். இதற்கு மேல், மூடியைத் திறந்து 230 வோல்ட் இணைப்பில் கை வைக்கிற வேலை உங்களுடையது அல்ல. இன்சுலேஷன் டெஸ்டரோடு ஒரு எலெக்ட்ரீஷியன் வரட்டும்.

இப்போது தண்ணீர். மின்கோளாறு எவ்வளவு சிக்கலானாலும் மீட்டர் பொய் சொல்லாது. தண்ணீர் சொல்லும். கூரையில் முன்னால் நுழைந்து, தகட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவில் ஓடி, பின்னால் மூலையில் சொட்டும். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதைப் பொறுத்து சொட்டும் இடமும் மாறும். உங்கள் வீட்டு வாசல் சரிவா? வண்டியின் மூக்கு தெருவைப் பார்த்து நின்றதா, வீட்டைப் பார்த்தா? வேல்ஸில் எப்படி நின்றது? யோசித்து எழுதுங்கள், பாதி வேலை முடியும்.

முதலில் இது மழைத் தண்ணீர்தானா என்று உறுதி செய்ய வேண்டும். ராத்திரி எல்லாக் குழாயும் மூடியிருக்க, பம்பு தானாக ஒரு நொடி டக்கென்று ஓடி நின்றால் குழாயில் எங்கோ கசிவு. அப்படி ஓடாவிட்டாலும், ஒரு வாரம் தொட்டியைக் காலியாக வைத்துப் பாருங்கள். படுக்கைக்கு அடியில், ஜன்னல் ஓரத்தில் மட்டும் ஈரம் என்றால் இரண்டு பேர் ராத்திரி முழுக்க விட்ட மூச்சு குளிர்ந்து படிந்ததாக இருக்கும். வண்டிக்கு அடியில் குளம் கட்டியிருந்தால் பதறாதீர்கள்: ட்ரூமா கம்பெனியின் வெந்நீர் ஹீட்டர்களில் உறைபனி வால்வு ஒன்று உண்டு, வெப்பம் 3 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினால் தானே திறந்து தண்ணீரை வெளியே கொட்டிவிடும். கசிவு என்று அதற்காகப் பட்டறைக்கு ஓடியவர்கள் இருக்கிறார்கள்.

உங்களுடையது அலமாரியின் மேல்மூலை. அங்கே குழாயும் இல்லை, மூச்சும் படாது. மழைதான்.

ஊசி வகை ஈரமீட்டரை எடுத்துக்கொண்டு உள்சுவர் முழுக்க ஒரு சாண் இடைவெளியில் குத்திப் பாருங்கள். கண்ணில் படாத இடத்தில், அலமாரிக்குள், இருக்கைக்கு அடியில் குத்தினால் ஓட்டை தெரியாது. மாஸ்கிங் டேப்பில் எண்ணையும் தேதியையும் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். 15 சதவீதம் வரை இயல்பு. 15 முதல் 20 வரை கண் வைத்திருக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் மரத்தில் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும். 30-க்கு மேல் என்றால் சட்டம் உளுத்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அலுமினியத் தாளோ உலோகமோ பட்டால் மீட்டர் கண்டபடி ஏறும். அதனால் எதிர்ப்பக்கச் சுவரில் அதே இடத்தையும் குத்தி ஒப்பிடுங்கள். எண்களை ஒன்றோடொன்று கோடு போட்டால் ஒரு வரைபடம் கிடைக்கும். பெரிய எண் இருக்கும் இடத்தை விட, 20-ஐத் தாண்டிய இடங்களிலேயே ஆக உயரத்தில் இருப்பது எனக்கு முக்கியம். தண்ணீர் அதற்கும் மேலே எங்கோதான் நுழைகிறது.

பிறகு ஹோஸ் சோதனை. வறண்ட நாளில், மின்சாரம் முழுவதையும் பிரித்துவிட்டு, உள்ளே ஒருவர் டார்ச்சோடு. பிரஷர் வாஷர் கூடாது, நல்ல சீலையும் அது பிளந்துவிடும். மெதுவான ஓட்டத்தில், கீழே இருந்து மேலே போக வேண்டும்: சுவரின் அடியோரப் பாவாடைத் தகடு, சக்கர வளைவு, ஜன்னல், கூரையும் சுவரும் சேரும் ரெயில், கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரேயடியாக நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். அவசரப்படுபவர்கள் தோற்பது இந்தச் சோதனையில்தான். உங்கள் வண்டியில் நான் சந்தேகப்படும் வரிசை: சோலார் கேபிள் இறங்கும் மூடி, பலகையைப் பிடித்திருக்கும் திருகுகள், அதற்குப் பக்கத்து ரெயில், கூரை ஜன்னல்.

கண்டுபிடித்த பிறகு அங்கே சிலிக்கான் பூசாதீர்கள். அதன் மேல் பிறகு வேறு எதுவும் ஒட்டாது, அதுவும் ஓரங்களில் உரிந்து தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். பழையதை மொத்தமாகச் சுரண்டி எடுத்து, கேபிள் மூடியைக் கழற்றி, காய்ந்த பரப்பில் புதிதாகப் போட வேண்டும். ரெயிலுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் அடியில் இறுகாத ப்யூட்டைல் மாஸ்டிக். கூரை மூடியை ஒட்டுவதற்கு கேரவானுக்கென்றே வரும் ஒட்டும் சீலன்ட். அக்ரிலிக் ஜன்னலுக்கு எது ஆகும் என்று டப்பாவைப் படித்துவிட்டுப் போடுங்கள், சில வகை சீலன்ட் அக்ரிலிக்கில் விரிசல் விழ வைக்கும். கேபிள் உள்ளே வந்ததும் கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுத்து, அதற்குப் பிறகு மேலேறி கன்ட்ரோலருக்குள் போகட்டும். அப்போது தப்பி வரும் துளி வளைவின் அடியில் சொட்டிவிடும். இரண்டு நிமிட வேலை. என்னிடம் வந்த அந்த வண்டியில் இதைச் செய்திருந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியாவது பிழைத்திருக்கும். களிம்பேறிய வயரைச் சுரண்டித் திரும்ப மாட்டாதீர்கள். பளபளவென்று செம்பு தெரியும் வரை வெட்டி, நீளம் போதாவிட்டால் புதுத் துண்டு சேருங்கள்.

மரம் காய்வதற்கு மட்டும் குறுக்குவழி இல்லை. உள்பலகையைத் திறந்து வைத்து, காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் ஓடவிட்டு, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கிலாந்து வெயிலை நம்பி மூடிவிட்டால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. எண் 15-க்குக் கீழே வந்த பிறகுதான் பலகை. உளுத்த சட்டத்தை நல்ல மரம் வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும். இது டீலர் செலவில் நடக்க வேண்டிய வேலை என்பதால்தான் முதலிலேயே படம் எடுக்கச் சொன்னேன்.

அந்தப் பழைய பேட்டரியைப் பட்டறையில் இன்னும் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். முழுக்க சார்ஜ் ஏற்றி ஒரு நாள் சும்மா வைத்து, 12.6-க்கு மேல் நின்றால் ஒரு பல்பை மாட்டி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். 20 மணி நேரம் கழித்தும் 12 வோல்ட்டுக்குக் கீழே போகாவிட்டால் அதை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.